லெட்டரில் கையெழுத்துப் போட்டால் 3,000 ரூபாய் என்கிறார்கள், போடலாமா?

தேனிக்காரி
11 அக்டோபர் 2020, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். 2014 தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து நவம்பர் ஆரம்பத்தில் சேர்ந்தேன். அதிலிருந்து ஒரே கம்பெனிதான். ஷிப்டுக்கு 360 ரூபாய். சனிக்கிழமை சம்பளம், ஒரு வாரம் கையில் பிடித்து வைத்துத்தான் கொடுப்பார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டும் பிடித்தம் உண்டு. மொத்தம் நூற்று இருபது பேர் வரை வேலை பார்த்தோம்.

மார்ச் 24 செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு 144 போட்டார்கள். அன்றைக்கும் ஒரு ஷிப்டு தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அதற்கு முந்தின வாரச் சம்பளமும், திங்கள் செவ்வாய் ரெண்டு நாள் சம்பளமும் இன்று வரை வரவில்லை. ஏப்ரலில் ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தார்கள், அவ்வளவுதான். ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் கொடுத்த ஆயிரம் ரூபாய் லைன் வீட்டு வாடகைக்கே பத்தவில்லை. மே மாதம் ஈ-பாஸ் எடுத்து, நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ஆண்டிபட்டி பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டோம். பி.எஃப்-இல் கொரோனா அட்வான்ஸ் எழுதிப் போட்டதில் 24,000 வந்தது. அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓடியது.

செப்டம்பரில் வெளியூர் பஸ் விட்டதும் திரும்பி வந்தேன். கம்பெனி மே மாதமே திறந்துவிட்டார்கள், ஆனால் பாதிப் பேர்தான். சூப்பர்வைசரைக் கேட்டால் "கூப்பிடுறோம், கூப்பிடுறோம்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினார். போன வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். போனால் ஒரு பேப்பரை நீட்டுகிறார்கள். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"எனது சொந்தக் காரணங்களுக்காக பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன். இனி எந்தவிதக் கோரிக்கையும் இல்லை என உறுதி கூறுகிறேன்."

கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். தேதி இருக்க வேண்டிய இடம் காலி. கையெழுத்துப் போட்டால் 3,000 ரூபாய் கையில் தருவார்களாம், மறுநாளே அதே ஃப்ளோரில் காண்ட்ராக்டர்கிட்ட பீஸ் ரேட்டுக்கு உட்காரலாமாம். இந்த வருஷம் கொரோனா என்பதால் தீபாவளி போனஸ் யாருக்கும் கிடையாது என்றும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கூட வேலை பார்த்த சிலர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் வம்பு என்று தோன்றுகிறது, போடவும் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்த அண்ணன்கள் அக்காக்கள் சொல்லுங்கள்.


பல்லடம் கார்த்தி
11 அக்டோபர் 2020, இரவு 10.25

அக்கா, போடாதீங்க. லாக்டவுன் நாளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கணும்னு மத்திய அரசே மார்ச் 29-ஆம் தேதி ஆர்டர் போட்டிருக்கு. நேரா லேபர் கோர்ட்டுக்குப் போங்க, ஆறு மாசச் சம்பளமும் வட்டியோட வரும். விடக் கூடாது இவனுங்களை.


பழைய டைம் ஆபீஸ்
12 அக்டோபர் 2020, காலை 6.40

அம்மிணி, நான் பனியன் கம்பெனி டைம் ஆபீசில்தான் காலம் தள்ளினவன். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு, வேஜ் ரிஜிஸ்டர், பி.எஃப். சலான், எல்லாம் நம்ம டேபிள்தான். நீங்கள் சொன்ன மாதிரி லெட்டர்கள் எந்த நேரத்தில், எதற்காக டைப் ஆகும் என்பது தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கார்த்தி தம்பி சொன்னது. அந்த ஆர்டர் போட்டது உண்மை. மார்ச் 29, உள்துறை அமைச்சகம். ஆனால் அதை மே 18-லிருந்து அவர்களே விலக்கிக்கொண்டார்கள். இடையில் முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, ஜூன் 12-ஆம் தேதி கோர்ட் என்ன சொன்னது என்றால், கொடுக்காத முதலாளி மேல் இப்போதைக்குக் கட்டாய நடவடிக்கை வேண்டாம், ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசுங்கள், முடியாவிட்டால் தொழிலாளர் துறை பேசி வைக்கட்டும் என்று. அந்த ஆர்டர் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கே இன்னும் முடிவான பதில் இல்லை. ஆறு மாசச் சம்பளம் வட்டியோடு வரும் என்று நம்பி உட்கார்ந்தால் அம்மிணிக்குக் காலம்தான் போகும். தம்பிக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த ஆர்டரைப் பற்றியே எல்லாரும் ஆறு மாசமாகப் பேசிக்கொண்டிருந்ததில், அந்த ஆர்டர் இல்லாமலே வர வேண்டிய காசு எத்தனை பேருக்கு மறந்துபோச்சு தெரியுமா? கம்பெனிக்காரர்களுக்கு அது வசதி.

இப்போது அந்த 3,000 ரூபாயைப் பாருங்கள். மார்ச் 16 முதல் 21 வரை ஆறு ஷிப்டு. 23, 24 ரெண்டு ஷிப்டு. எட்டு ஷிப்டு, 360 வீதம் 2,880 ரூபாய். லாக்டவுனுக்கு முன்னால் நீங்கள் தைத்துக் கொடுத்த துணிக்கான கூலி இது. இதில் ஆர்டரும் கிடையாது, சுப்ரீம் கோர்ட்டும் கிடையாது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கணக்கு முடித்திருக்க வேண்டும். ஆக உங்கள் காசையே உங்களிடம் கொடுத்து, மேலே 120 ரூபாய் வைத்து, கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். இந்தக் கூலி வரவில்லை என்று தொழிலாளர் துறையில் மனு கொடுக்கப் பன்னிரண்டு மாதம் வரை டைம் உண்டு. அதனால் அடுத்த மார்ச் வரை இழுக்க விடாதீர்கள்.

அடுத்தது போனஸ். இதில்தான் திருப்பூரில் பாதிப் பேரை ஏமாற்றிவிடுகிறார்கள். இந்தத் தீபாவளிக்குக் கொடுக்கிற போனஸ் எந்த வருஷத்துக்கு? 2019 ஏப்ரலில் ஆரம்பித்து 2020 மார்ச் 31-இல் முடிந்த வருஷத்துக்கு. அதில் கொரோனா ஓடியது கடைசி ஒரு வாரம். மீதி ஐம்பத்தோரு வாரமும் மிஷின் ஓடியது, கண்டெய்னர் போனது, நீங்கள் ஒன்றரை ஷிப்டு பார்த்தீர்கள். அந்த வருஷத்தில் முப்பது நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸ் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், லாபம் வந்தாலும் வராவிட்டாலும். கணக்கு முடிந்து எட்டு மாசத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். "இந்த வருஷம் கொரோனா" என்று சொல்கிறவர்களிடம், இது போன வருஷக் காசுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கணக்குப் போடும்போது 7,000 ரூபாயையோ குறைந்தபட்சக் கூலியையோ, எது அதிகமோ அதை உச்சவரம்பாக எடுப்பார்கள். 7,000 என்று வைத்தாலே வருஷம் முழுக்க வந்தவர்களுக்கு 6,997 ரூபாய்.

இனி அந்தக் காலியாக விட்ட தேதி. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சேர்ந்தது 2014 நவம்பர். இந்த மாதத் தேதி போட்டால் ஐந்து வருஷம் பதினொரு மாசம். ஆறு மாசத்துக்கு மேல் போனால் ஒரு முழு வருஷமாக எடுக்க வேண்டும், அதனால் கிராஜுவிட்டிக்கு, அதாவது விலகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடைக்கு, ஆறு வருஷம். வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி, 5,400. ஆறு வருஷத்துக்கு 32,400. அதே லெட்டரில் மார்ச் 24 என்று எழுதிக்கொண்டால் ஐந்து வருஷம் நாலரை மாசம். ஐந்து வருஷக் கணக்குத்தான், 27,000. ஒரு பேனாக் கோட்டில் 5,400 போச்சு. அதுவும் கிராஜுவிட்டி கொடுக்கிற எண்ணம் இருந்தால். "முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியே அதைக் கொடுக்காமல் இருக்கத்தான். சட்டப்படி அப்படி எழுதி வாங்கினாலும் கிராஜுவிட்டி உரிமை போகாது. ஆனால் உங்கள் கையெழுத்தோடு அந்தப் பேப்பர் அவர்கள் ஃபைலில் இருந்தால், வாங்கவில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியது நீங்கள்.

வேலை இல்லாத காலமும் சர்வீஸில் சேருமா என்று கேட்பீர்கள். உங்கள் தப்பு இல்லாமல் வேலை நின்ற நாட்களால் சர்வீஸ் அறுந்துபோகாது. நீங்களாக விலகினீர்கள் என்று எழுதிக் கொடுக்காத வரை.

கூட்டிப் பாருங்கள். கம்பெனி பக்கம் மட்டும் 2,880, போனஸ் 6,997, கணக்கு முடிக்கிற அன்றைக்கு கிராஜுவிட்டி 32,400. நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். அதற்கு மூவாயிரம்!

லே-ஆஃப் என்று இன்னொன்று இருக்கிறது. குறைந்தது ஐம்பது பேர் இருக்கிற ஃபேக்டரியில், மஸ்டரில் பேர் இருந்து ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு, வேலை கொடுக்க முடியாத நாட்களில் பாதிக் கூலி. ஊரடங்கு அதில் வருமா என்று வக்கீல்கள் ரெண்டு பக்கமும் பேசுவார்கள். தனி ஆளாகக் கேட்டு வாங்கக் கூடியது இல்லை. யூனியன் வழியாகப் போனால்தான் நகரும், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போதைக்குக் கைக்கு வரக் கூடியது இ.எஸ்.ஐ. வேலை போனவர்களுக்கு அங்கே ஒரு உதவித் தொகை உண்டு. முன்பு கால் பங்கு கூலிதான். இந்த ஆகஸ்டில் அதைப் பாதிக் கூலி ஆக்கினார்கள், மார்ச் 24-லிருந்து டிசம்பர் 31 வரை வேலை போனவர்களுக்கு. உச்சபட்சம் தொண்ணூறு நாள். உங்கள் கூலிக்கு ஒரு நாளைக்கு 180, மொத்தம் 16,200 ரூபாய். ரெண்டு வருஷம் இ.எஸ்.ஐ-யில் இருந்திருக்க வேண்டும். கடைசி அரை வருஷத்தில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, எழுபத்தெட்டு நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தின மூன்று அரை வருஷங்களில் ஏதாவது ஒன்றிலும் அதே எழுபத்தெட்டு. முன்பு மாதிரி கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை, நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம்.

இதில் ரெண்டு முட்டுக்கட்டை. ஒன்று, தப்பு செய்து நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் இது கிடையாது. "சொந்தக் காரணங்களுக்காக" என்ற அந்த லெட்டர் இங்கேயும் வந்து காலை வாரும். இன்னொன்று, மாசா மாசம் இ.எஸ்.ஐ. ரிட்டர்ன் போடும்போது ஒரு ஆளுக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். விடுப்பு, விலகிவிட்டார், வேலை இல்லை என்று ஒரு பட்டியல் வரும், அதில் ஒன்றைத் தட்ட வேண்டும். எந்தக் காரணம் தட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் மனு அதில்தான் மாட்டும். பிரவுசிங் சென்டரில் உங்கள் இ.எஸ்.ஐ. நம்பரைப் போட்டு, மாசவாரியாக எத்தனை நாள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். இருபத்தாறு நாள் வேலை பார்த்த ஆளுக்குப் பன்னிரண்டு நாள் காட்டுகிற கம்பெனி நம்ம ஊரில் நிறைய.

அதனால், லெட்டரில் கையெழுத்து வேண்டாம். அதற்குப் பதில் நீங்கள் ஒரு லெட்டர் அனுப்புங்கள். ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நாலு வரி போதும்: "நான் வேலையை விடவில்லை. வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். மார்ச் 16 முதல் 24 வரை எட்டு ஷிப்டு சம்பளம் 2,880 ரூபாயும், 2019-20 ஆண்டு போனசும் தர வேண்டும்." தேதி, கையெழுத்து. ஒரு ஜெராக்ஸ் உங்களிடம். சூப்பர்வைசர் அனுப்பின வாய்ஸை அழிக்காதீர்கள். "அவங்களா வராம நின்னுட்டாங்க" என்று நாளைக்குச் சொல்வார்கள். "கூப்பிடுறோம்" என்ற அந்தக் குரல் அப்போது பேசும்.


12 மிஷின்
12 அக்டோபர் 2020, மதியம் 1.15

டைம் ஆபீஸ் அண்ணன் எழுதினது எல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரிங்க. என்னை மாதிரி ஜாப் ஒர்க் யூனிட்காரன் கதையையும் கேளுங்க. பன்னிரண்டு மிஷின், பதினாலு பேர். பிப்ரவரி, மார்ச்சில் தைத்துக் கொடுத்த பீஸுக்கு எக்ஸ்போர்ட்டர் இன்னும் பணம் தரவில்லை. கேட்டால், வெளிநாட்டு பையர் ஆர்டரை நிறுத்திட்டான், எனக்கே வரலை என்கிறார். ஊரடங்கில் என் ஆட்களுக்கு முடிந்ததைக் கொடுத்தேன், அதுவும் வீட்டு நகையை வைத்து.

அரசாங்கம் மூணு லட்சம் கோடி கடன் என்று மே மாசம் டி.வி-யில் சொன்னதும் பேங்குக்கு ஓடினேன். ஏற்கெனவே தொழில் கடன் இருந்தால் அதில் இருபது சதவீதம் மேலே தருவோம், உங்களுக்கு நகைக் கடன்தானே இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தவணையைத் தள்ளிப் போட்டதற்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கு. இருபது பேருக்குக் கீழே இருந்தால் போனஸ் சட்டம் வராது என்று ஆடிட்டர் சொல்கிறார். இருந்தாலும் தீபாவளிக்கு வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. எல்லா ஓனரும் திருடன் இல்லைங்க.


பழைய டைம் ஆபீஸ்
12 அக்டோபர் 2020, இரவு 8.05

உங்களைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லைங்க. உங்கள் ஆடிட்டர்தான் பாதியைச் சொல்லியிருக்கிறார். இருபது பேர் என்பது கடை, ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு. கரண்டில் ஓடுகிற மிஷின், குறைந்தது பத்து ஆள் என்றால் அது ஃபேக்டரி. ஃபேக்டரிக்கு போனஸ் சட்டம் உண்டு. பதினாலு பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதுசாகத் தொடங்கினவர்களுக்கு முதல் ஐந்து வருஷம் லாபம் வந்தால் மட்டும் என்று சலுகை இருக்கிறது, அதில் வருகிறீர்களா என்று பாருங்கள். பணம் இல்லை என்றால், காரணம் காட்டிக் கால நீட்டிப்புக் கேட்க வழி இருக்கிறது. ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டி, தீபாவளிக்குப் பாதி, பொங்கலுக்குப் பாதி என்று பேசினாலும் ஒத்துக்கொள்வார்கள். திருப்பூரில் நேராகப் பேசுகிற ஓனரை எந்த டெய்லரும் விட்டுப்போனதில்லை.

எக்ஸ்போர்ட்டர் பாக்கி விஷயத்தில் நீங்களும் அம்மிணி மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், தைத்துக் கொடுத்துவிட்டுக் காசுக்கு நிற்கிறீர்கள். சிறுதொழில் பதிவு இருந்தால் நாற்பத்தைந்து நாளைக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. அதற்கென்று கவுன்சில் இருக்கிறது, ஆன்லைனில் மனு போடலாம். ஜாப் ஒர்க் போய்விடும் என்ற பயத்தில் யாரும் போடுவதில்லை, அது எனக்கும் தெரியும்.


செக்கிங் அக்கா
12 அக்டோபர் 2020, இரவு 9.30

இ.எஸ்.ஐ-க்கு நான் எழுதிப் போட்டிருக்கிறேன் தேனி. ஆன்லைனில் போட்டு, அந்த பிரிண்ட்டோடு ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாஸ்புக்கில் இருக்கிற பேரும் இ.எஸ்.ஐ-யில் இருக்கிற பேரும் ஒரே மாதிரி இருக்கா என்று முதலில் பார். எனக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், அதற்கே திருப்பி அனுப்பினார்கள். காலையில் போ, பத்தரைக்கு மேல் வரிசை தெருவுக்கு வந்துவிடும். எனக்கு இன்னும் பணம் ஏறவில்லை, மனு ஏற்றுக்கொண்டதாக மெசேஜ் மட்டும் வந்திருக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன் டைம் ஆபீஸ் அண்ணா. எங்கள் கம்பெனியில் இப்போது காலை எட்டரைக்கு வந்தால் ராத்திரி எட்டரை. ஓ.டி-க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, சிங்கிள் ரேட்தான். கொரோனாவுக்காக சட்டத்தை மாத்திட்டாங்க, புதுச் சட்டமும் வந்துடுச்சு என்கிறார் மேனேஜர். உண்மையா?


பழைய டைம் ஆபீஸ்
12 அக்டோபர் 2020, இரவு 10.10

இல்லைங்க. குஜராத்தில் அப்படி ஒரு உத்தரவு போட்டார்கள், பன்னிரண்டு மணி நேரம், ஓ.டி-க்கு டபுள் வேண்டாம் என்று. இந்த அக்டோபர் 1-ஆம் தேதிதான் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தொற்றுநோயைக் காட்டி ஓ.டி. டபுளை நிறுத்த முடியாது. மேனேஜர் பேப்பரில் முதல் பாதியை மட்டும் படித்திருப்பார். புதுச் சட்டங்கள் போன மாசம் பாராளுமன்றத்தில் நிறைவேறினது உண்மை, ஆனால் இன்னும் அமலுக்கு வரவில்லை. வரும் வரை பழைய ஃபேக்டரி சட்டம்தான், டபுள்தான். அமலுக்கு வந்தபிறகு என்ன ஆகும் என்பது வேற பேச்சு.


தேனிக்காரி
14 அக்டோபர் 2020, இரவு 9.15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி லெட்டர் எழுதி இன்றைக்கு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். இ.எஸ்.ஐ. பிரிண்டும் எடுத்தேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லா மாசமும் இருபதுக்கு மேல்தான் காட்டியிருக்கிறார்கள், அந்த மட்டும் தப்பித்தேன். ஏப்ரலிலிருந்து பூஜ்யம்.

ஆனால் வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் இருப்பது? வாடகைக்காரம்மா நேற்றும் வந்து நின்றார்கள். அந்தக் காண்ட்ராக்டர்கிட்டேயே சேர்ந்துவிடவா என்று இருக்கிறது. சேர்ந்தால் இதெல்லாம் போய்விடுமா? என் வீட்டுக்காரரும் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார், வாரத்தில் ரெண்டு மூணு நாள்தான் இருக்கிறது.


பழைய டைம் ஆபீஸ்
15 அக்டோபர் 2020, காலை 6.30

வயிற்றுப் பாட்டை விட்டுவிட்டு உரிமைக்காக உட்காரச் சொல்ல மாட்டேன் அம்மிணி. இ.எஸ்.ஐ. மனுவை முதலில் போட்டுவிடுங்கள், அப்புறம் வேலைக்குச் சேருங்கள். நீங்கள் கேட்கப் போகிற தொண்ணூறு நாள் ஏற்கெனவே கடந்துபோன நாட்கள். இனி சேருகிற வேலையால் அந்த நாட்களில் வேலை இருந்தது என்று ஆகிவிடாது. மனுவில் தேதிகளைச் சரியாக எழுதுங்கள், அவ்வளவுதான்.

அதே கம்பெனிக்குள் காண்ட்ராக்டர்கிட்ட மட்டும் வேண்டாம். அதே மிஷின், அதே சேர், ஆனால் பேர் வேற ரிஜிஸ்டரில் என்றால், பழைய வேலையை விட்டுவிட்டுத்தான் இங்கே சேர்ந்தார் என்று சொல்ல அதுவே சாட்சி. லெட்டர் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால்கூட முதல் வாரச் சம்பளத்தில் எதில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று படித்துப் பார்த்துப் போடுங்கள். தீபாவளிக்கு முன்னால் எல்லா யூனிட்டிலும் ஓவர்லாக் ஆள் தேடுவார்கள். வேற பில்டிங்கில், பவர் டேபிளில் (தையல் மட்டும் செய்து கொடுக்கிற யூனிட்டில்) தினக் கூலிக்கு உட்காருங்கள். மேலே 12 மிஷின்காரரைக்கூடக் கேட்டுப் பாருங்கள், ஆள் வேணுமோ என்னவோ.

போனஸை மட்டும் நவம்பர் 30 வரை பார்ப்போம். வராவிட்டால் டிசம்பர் முதல் வாரம் தொழிலாளர் துறையில் மனு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டாயத்தில் போட்டேன் என்று அவர்களும் எழுதிக் கொடுக்கலாம், பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னால் ஆபீசர் காது கொடுப்பார்.


12 மிஷின்
15 அக்டோபர் 2020, காலை 9.00

ரெண்டு ஓவர்லாக் காலியாத்தான் இருக்குங்க. ஷிப்டு 370. மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க.


தேனிக்காரி
15 அக்டோபர் 2020, மதியம் 1.40

அனுப்பியிருக்கிறேன் அண்ணா. இன்னொரு சந்தேகம். வீட்டுக்காரருக்குக் கட்டுமான நலவாரிய அட்டை இருக்கிறது. ஏப்ரலில் வாரியத்தில் இருக்கிறவர்களுக்கு ஆயிரம், அப்புறம் இன்னொரு ஆயிரம் கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு வந்தது, இவருக்கு வரவில்லை. ஏன்?


பழைய டைம் ஆபீஸ்
15 அக்டோபர் 2020, இரவு 7.50

அட்டையின் கடைசிப் பக்கத்தில் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் அதனால்தான் வந்திருக்காது. புதுப்பித்தது சரியாக இருந்தால் பேங்க் அக்கவுண்ட் நம்பரில் கோளாறு. ரெண்டில் எது என்று பார்த்து எழுதுங்கள், அதற்கேற்ற மாதிரி மனு சொல்கிறேன்.